ஒரே பாத்திரம்

வால்பாறையில் எட்டு வருஷம் ஊழியம் செய்த நத்தானியேல் ஐயர், இனி இந்த மலையில் இருக்க முடியாது என்று மேலிடத்தில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த இடம் வெள்ளக்கரடு. அவர் மனைவி லில்லிக்கு மஞ்சள் காமாலை முற்றி, பொள்ளாச்சிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வாடகைக் காரில் மலையிறங்கும்போது, பாதி வளைவுகளைக்கூடத் தாண்டவில்லை, அவள் தலை அவர் தோளில் கனத்தது. வண்டியை நிறுத்தட்டுமா என்று டிரைவர் கேட்டான். "வேண்டாம், போங்க" என்றார். மீதி மலையை அப்படியே இறங்கினார்கள். கீழே ஆழியாறு அணை தெரிந்தது. அதில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டு வந்தார். அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை.

அடுத்த வருஷம், தொண்ணூற்று நான்கில், வெள்ளக்கரட்டுக்கு வந்து சேர்ந்தார். சூலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் வரும் ஊர். மில் வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்த சில குடும்பங்கள் அந்தக் காலத்தில் கட்டியது அங்கே இருந்த கிறிஸ்தவக் கோயில். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது மில்லை விட்டுவிட்டு விசைத்தறி, ஹார்டுவேர் கடை, பள்ளிக்கூட வேலை என்று ஊன்றிவிட்டார்கள். பேச்சும் கொங்குப் பேச்சாகிவிட்டது. கோயிலுக்குப் பின்னால் ஒரு சோளக்காட்டைத் தாண்டினால் அருந்ததியர் காலனி. அங்கிருந்தும் பல குடும்பங்கள் சபையில் சேர்ந்திருப்பதாக முந்தைய ஐயர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வரிசை பெஞ்சுகள் காலியாகவே கிடந்தன.

நத்தானியேல் ஐயருக்கு அது உறுத்தவில்லை. அந்த நாட்களில் அவருக்கு எதுவுமே உறுத்தவில்லை. பழைய பிரசங்கங்களையே திரும்பச் செய்தார். சாவு வீட்டில் தடுமாறாமல் ஜெபித்தார். "நம்ம ஐயரு எதுக்கும் கலங்க மாட்டாருங்க" என்று சபையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். சபைச் செயலாளர் துரைமாணிக்கத்தின் வீட்டிலிருந்து இரண்டு வேளையும் கேரியரில் சாப்பாடு வந்தது. அவர் மனைவி ஹெலனம்மா சமைத்து அனுப்பினாள். நல்ல சமையல் என்று எல்லோரும் சொன்னார்கள். ஐயர் காலி கேரியரைக் கழுவித் திருப்பி அனுப்பினார். என்ன சாப்பிட்டோம் என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

வந்த புதிதில் ஒன்றே ஒன்று அவருக்கு ஆறுதலாக இருந்தது. இந்தக் கோயிலில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு ஒரே பாத்திரம் இல்லை. மரத்தட்டில் வரிசையாகக் குழிகள். அவற்றில் விரல் உயரச் சின்னச் சின்னக் கண்ணாடி கிளாஸ்கள். ஆளுக்கு ஒன்று. வால்பாறையில் ஒரே வெள்ளிப் பாத்திரம்தான். பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியில் முழங்கால்படியிட்டிருக்கும் ஒவ்வொருவர் வாயிலும் வைத்து, விளிம்பைத் துடைத்து, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். லில்லி எப்போதும் கடைசி ஆளாக வருவாள். அவளுக்குப் பிறகு மீந்ததை ஐயர் குடித்து முடிப்பார். பரிசுத்தம் செய்த ரசத்தைக் கொட்டக்கூடாது என்பது முறை. அவள் போன பிறகு அந்தப் பாத்திரத்தைக் கையில் எடுக்க அவரால் முடியவில்லை. இங்கே அந்தத் தொல்லை இல்லை. கிளாஸ்கள் யார் கொண்டுவந்தது, எப்போது வந்தது என்று அவர் கேட்கவில்லை.

கேட்க வேண்டி வந்தது இரண்டாவது வருஷத்தில்தான். ஆராதனைக்கு வருகிறவர்கள் தொகை பாதிக்கும் கீழே போய்விட்டது, காரணங்களைக் கண்டறிந்து சரிசெய்யுங்கள், இல்லையென்றால் சூலூர்ச் சபையோடு சேர்த்துவிடுவோம் என்று கோயமுத்தூர்த் தலைமை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கமிட்டி கூடியது.

"மில் மூடுனதுதானுங்க காரணம்" என்றார் துரைமாணிக்கம். பருமனான உடம்பு, மெதுவான பேச்சு. யாருக்கு எந்த உதவி என்றாலும் முதலில் நிற்கிறவர். "பாதிப் பேரு திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போயிப்போட்டாங்க. அப்புறம் யாருங்க வருவாங்க?"

ரிடையர்டான பள்ளி ஆசிரியர் யோபு வாத்தியார் தலையை ஆட்டினார். "அது ஒண்ணுங்க. இன்னொண்ணு, ரோட்டு மேல அந்த ஜெபவீடு. டிரம் செட்டு, ஜால்ரா, கைதட்டல். சின்னஞ்சிறுசுக எல்லாம் அங்கதான் ஓடுது. பெரியவங்க டிவி முன்னாடி உக்காந்துக்கறாங்க."

ஐயர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். புது மைக் வாங்கினார்கள். சென்னையிலிருந்து ஒரு பிரசங்கியாரை வரவழைத்து மூன்று நாள் கூட்டம் வைத்தார்கள். வாலிபர்களைப் பரம்பிக்குளத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். கூட்டத்துக்கு வந்த கும்பல் அடுத்த ஞாயிறு வரவில்லை. பரம்பிக்குளத்துக்கு வந்த பையன்கள் யானை பார்த்ததைப் பற்றிப் பேசினார்கள்.

"வீடு வீடாப் போய்ப் பார்த்துட்டு வரலாமுங்களா?" என்றார் ஐயர். பெரிய யோசனையெல்லாம் இல்லை. மத்தியானங்களில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது மேல் என்று தோன்றியது.

துரைமாணிக்கத்தின் ஸ்கூட்டரில் போனார்கள். மில் குவார்ட்டர்ஸில் பூட்டிய வீடுகள் இருந்தன. திருப்பூர் போனது உண்மை. ஜெபவீட்டுக்குப் போகிற ஒரு பெண் மறைக்காமல் சொன்னாள்: "அங்க பேரு சொல்லிக் கூப்பிடறாங்கங்க ஐயா. நான் ஒரு வாரம் வல்லீன்னா ஊட்டுக்கே வந்துருவாங்க." அவள் வீட்டிலும் அடுத்த வீட்டிலுமாகத் துரைமாணிக்கம் இரண்டு காபி குடித்தார்.

காலனிக்குத் திரும்பும் மண்பாதை வந்தபோது அவர் ஸ்கூட்டரை மெதுவாக்கினார்.

"அங்க ரோடு செரியில்லீங்க ஐயா. இன்னொரு நாள் பாத்துக்கலாமுங்க."

"வண்டிய இங்கயே நிறுத்திட்டு நடந்துக்கலாங்க" என்றார் ஐயர். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. திரும்பிப் போனாலும் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

முதல் தொகுப்பு வீடு மார்த்தாளுடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் உட்கார்ந்து மில் கழிவுப் பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தவள், எழுந்து பஞ்சுத் துகளை முந்தானையால் தட்டிவிட்டுக்கொண்டாள். உள்ளே போய் மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தாள். ஐயர் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம் அம்மணி" என்றார் துரைமாணிக்கம். "இப்பத்தான் குடிச்சுப்போட்டு வாறேன்." அவர் எதிரே இருந்த வேப்பமரத்தடியை விட்டு வாசலுக்கு வரவில்லை.

"ஏனுங்க ஆராதனைக்கு வர்றதில்ல?" என்று ஐயர் கேட்டார்.

"வேலைங்க. ஒடம்பும் முன்ன மாதிரி இல்லீங்க" என்றாள் மார்த்தாள். மரத்தடியை ஒரு தடவை பார்த்தாள். மூன்றாவது டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஐயர் தனியாக நடந்து போனார். அன்று அவள் பஞ்சை விட்டு எழவில்லை. ஒரு பலகையைத் தள்ளிப்போட்டாள். அவர் உட்கார்ந்தார். அவள் பஞ்சைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

"உங்களுக்கு நெசமாத் தெரியாதுங்களா?" என்று கடைசியில் கேட்டாள்.

"தெரியாதுங்க."

அவள் பஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். ஏழு வருஷத்துக்கு முன் காலனியிலிருந்து ஒரு கூட்டமே, திருவிருந்தில் பங்கெடுக்கும் உரிமை தருகிற திடப்படுத்தல் எடுத்தது. அதற்கு முன் பின்பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டு வருவதோடு சரி. ஒரு வருஷம் வேதபாடம் படித்தார்கள். வெள்ளைச் சேலை எடுத்தார்கள். அவள் கணவர் அப்போது உயிரோடு இருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. பத்துக் கட்டளைகளையும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார்.

"மொதோ தடவை திருவிருந்துப் பந்திக்குப் போனமுங்க. அப்பொல்லாம் ஒரே பாத்திரமுங்க, வெள்ளியில. நாங்க கடைசியாத்தான் போனோம். அந்த ஐயரு எங்க வாயில வெச்சாரு. எங்கூட்டுக்காரரு ஊட்டுக்கு வந்தும் பேசவே இல்லீங்க. ராத்திரி சொன்னாரு, அவியெல்லாம் குடிச்சதுல எனக்கும் குடுத்தாங்க புள்ளேன்னாரு."

அவள் ஒரு பஞ்சுத் திரளைப் பிய்த்தாள்.

"அடுத்த மாசம் போனமுங்க. பாத்திரத்தக் காணோம். ஒரு தட்டு நெறையச் சின்னச் சின்னக் கெளாஸு. ஆஸ்பத்திரியில மருந்து ஊத்தறது இருக்குமுல்லீங்க, அந்த மாதிரி."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லீங்க. சுத்தத்துக்காகன்னு மைக்குல சொன்னாங்க. அவ்வளவுதான். முன்ன இருந்ததவிடப் பாசமாத்தான் பேசுனாங்க. எப்படி இருக்கறீங்க மார்த்தா, பையன் படிக்கறானான்னு." அவள் முதல் தடவையாக நிமிர்ந்தாள். "மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களும் ஏதாச்சும் கேட்டிருப்போமுங்க. ஒண்ணுமே சொல்லாதப்ப என்னத்தப் போய்க் கேக்கறது? ஒரு மாசம் எங்கூட்டுக்காரரு போகல. அப்புறம் நான் போகல. பக்கத்தூட்டுக்காரங்க ஜெபவீட்டுக்குப் போயிட்டாங்க. எங்கூட்டுக்காரரு சாகறவரைக்கும் எங்கயும் போகல."

ஐயருக்குக் கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. துக்கம் வர வேண்டும் என்றும் தெரிந்தது. இரண்டும் வரவில்லை. சோளக்காட்டு வரப்பில் நடந்து திரும்பினார். கோயிலைத் திறந்து, பீடத்துக்குப் பக்கத்து அறையில் அந்த மரத்தட்டை எடுத்துப் பார்த்தார். கிளாஸ்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இவற்றைக் கண்டு தான் நிம்மதிப்பட்டது நினைவுக்கு வந்தது. காலனி ஜனங்களை விரட்டிய அதே தட்டுக்குப் பின்னால் ஒன்றரை வருஷமாகத் தானும் ஒளிந்துகொண்டிருந்தது புரிந்தது. அலமாரியின் அடித்தட்டில், ஒரு பழைய அங்கியில் சுற்றி வெள்ளிப் பாத்திரம் இருந்தது. கறுத்துப் போயிருந்தது. திருநீறு போட்டால் வெள்ளி பளபளக்கும் என்பார்கள். அவரிடம் பல்பொடி இருந்தது. அதைப் போட்டுத் தேய்த்தார்.

கமிட்டியில் அதை மேஜைமேல் வைத்தார். "வர்ற மாசம் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு இதுதானுங்க" என்றார்.

துரைமாணிக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சுகாதாரம் பாக்கோணுமுங்களே ஐயா. ஊரெல்லாம் மஞ்சக்காமாலை. அது என்ன பண்ணுமுன்னு உங்களுக்குத் தெரியாததுங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா" என்றார்.

"எடுத்துக்கலீங்க" என்றார் ஐயர். உண்மையாகவே அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லில் தண்ணீர் ஊற்றிய மாதிரி அந்த வார்த்தை வழிந்து போய்விட்டது. "கிளாஸ் எப்ப வாங்குனீங்க?"

"அது ஆச்சுங்க, ஆறேழு வருஷம்."

"காலனிக்காரங்க திடப்படுத்தல் எடுத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

துரைமாணிக்கம் மேஜையைப் பார்த்தார். யோபு வாத்தியார்தான் பேசினார். சத்தம் போடவில்லை. பாடம் நடத்துகிற மாதிரிதான் சொன்னார். "ஐயா, நீங்க கேக்கறது புரியுதுங்க. கிறிஸ்துவுக்குள்ள எல்லாம் ஒண்ணுதான். நானே அதப் பத்திப் பேசியிருக்கேன். ஆனா அவிய வாய் வெச்சதுல நாம எப்படீங்க வாய் வெக்கறது? ஊட்டுப் பொம்பளைங்க ஒத்துக்குவாங்களா?"

ஏழு வருஷமாக அந்த அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை. சொன்னதும் ஒன்றும் இடிந்து விழவில்லை. வெளியே டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஐயர் பாத்திரத்தை மறுபடியும் துணியில் சுற்றினார்.

"முதல் ஞாயிறுங்க" என்றார்.

அந்த வாரமே காலனிக்குப் போய் மார்த்தாளிடம் சொன்னார். அவள் மகன் கதிர்வேல் வீட்டில் இருந்தான். லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன், இருபத்தைந்து வயது. ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவன், பேச்சுச் சத்தம் கேட்டு லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றான். "கோயில்ல ஆள் கொறையாம இருந்திருந்தா, நீங்க இங்க வந்திருப்பீங்களா?"

மார்த்தாள் "டேய்" என்றாள்.

ஐயர் யோசித்தார். "வந்திருக்க மாட்டேங்க" என்றார்.

கதிர்வேல் வேறு பதிலை எதிர்பார்த்திருந்தான். அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். மார்த்தாள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு காலை துரைமாணிக்கம் சீக்கிரமே வந்துவிட்டார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"ஐயா, நாங்க பேசி முடிவு பண்ணிட்டமுங்க. பாத்திரமே இருக்கட்டும். எப்பவும் போல முன்வரிசை மொதல்ல வந்துரட்டும், பின்வரிசை கடைசியா வரட்டும். யாருக்கும் சங்கடமில்லாமப் போயிருமுங்க."

ஐயர் அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. துரைமாணிக்கம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

முதல் பாட்டு முடியும்போது மார்த்தாளும் இன்னும் இரண்டு பெண்களும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள். நல்ல சிரிப்புதான். ஆராதனை எப்போதும் போல நடந்தது. அப்பத்தைப் பிட்டு, பாத்திரத்தை உயர்த்தி, ஜெபத்தைச் சொல்லி முடித்து ஐயர் திரும்பினார். முன்வரிசை எழுந்திருக்கத் தயாராகிச் சேலையைச் சரிசெய்தது. அப்போதுதான் அவருக்கு அது முழுசாகப் புரிந்தது. பாத்திரம் மாறிவிட்டது. வேறு எதுவும் மாறவில்லை.

"இன்னைக்குப் பின்வரிசையில இருக்கறவங்க முதல்ல வாங்க" என்றார்.

எழுந்த இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். மார்த்தாள் நகரவில்லை. தன்னைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து நடப்பதா, வீட்டுக்குப் போய்விடுவதா என்று அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு செருப்பை பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு எழுந்தாள். மற்ற இருவரும் அவள் பின்னால் வந்தார்கள். நடுவழி நீளமாக இருந்தது. மூவரும் கிராதியில் முழங்கால்படியிட்டார்கள். ஐயர் அப்பம் கொடுத்தார். பாத்திரத்தை அவள் வாயில் வைத்தார். அவள் கண்ணை மூடவில்லை. விளிம்புக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டு குடித்தாள்.

அவர்கள் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். ஐயர் பாத்திரத்தோடு நின்றார்.

மில் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்த ஒரு வயசாளி வந்தார். ஏர்போர்ஸில் வேலை பார்க்கும் ஓர் இளம் தம்பதி, ஊர் விவகாரம் ஒன்றும் தெரியாதவர்கள், வந்து குடித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு யாரும் வரவில்லை. "விருந்து ஆயத்தமாயிருக்கிறது, வாருங்கள்" என்று ஐயர் மறுபடியும் சொன்னார். பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் ஹெலனம்மா பாதி எழுந்தாள். பக்கத்துச் சேலைகள் அசையவில்லை. உட்கார்ந்துவிட்டாள். துரைமாணிக்கம் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாத்திரத்தில் முக்கால்வாசி ரசம் இருந்தது. முழுச் சபைக்கும் என்று ஊற்றியது. கொட்ட முடியாது. ஐயர் பீடத்தின் பக்கம் திரும்பிக் குடிக்க ஆரம்பித்தார். திராட்சை ரசம் புளித்திருந்தது. ஒரே மூச்சில் குடிக்க முடியவில்லை. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் வாய் வைத்தார். அவர் முழுங்கும் சத்தம் மைக்கில் கேட்டது. லில்லிக்குப் பிறகு இந்த மாதிரி ஒரு பாத்திரத்தில் தான் வாய் வைப்பது இப்போதுதான் என்று நினைத்தார். அங்கியில் சில சொட்டு விழுந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. குடித்து முடித்து, பாத்திரத்தில் தண்ணீர் விட்டுச் சுழற்றி, அதையும் குடித்துவிட்டு, கடைசிப் பாட்டின் எண்ணைச் சொன்னார்.

அன்று கேரியர் வரவில்லை. சாயங்காலம்வரை அவர் அதைக் கவனிக்கவில்லை. அப்புறம் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து அரிசி போட்டார். குழைந்துபோனது. மறுநாள் தண்ணீரைக் குறைத்தார்.

முன்வரிசைக் குடும்பங்கள் சண்டை எதுவும் போடவில்லை. நல்லபடியாகவே சொல்லிக்கொண்டு, கோயமுத்தூரில் பெரிய கோயிலுக்குப் போக ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்கு அங்கே ஞாயிறு பள்ளி நன்றாக இருக்கிறது என்றார்கள். காலனியிலிருந்து எல்லோரும் திரும்பி வந்துவிடவும் இல்லை. ஜெபவீட்டுக்குப் போய்விட்டவர்களிடம் மார்த்தாள் சொல்லிப் பார்த்தாள். "அங்க எங்களுக்கு நல்லாத்தான் இருக்குது, அதை எதுக்கு உடோணும்?" என்றார்கள். அவளோடு ஐந்தாறு பேர் வந்தார்கள். முன்பு பின்வரிசைதான் காலியாக இருந்தது. இப்போது முன்வரிசையும் காலி.

கோயமுத்தூருக்குக் கூப்பிட்டார்கள். தலைமை அலுவலகத்தில் அந்தப் பகுதிச் சபைகளைக் கவனிக்கிற பெரியவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். திட்டவில்லை.

"காரணத்தைக் கண்டுபிடிங்கன்னு சொன்னோம். நீங்க இருந்தவங்களையும் அனுப்பிட்டீங்களே, நத்தானியேல்."

"காரணம் அதுதானுங்க ஐயா. காலனிக்காரங்க போனதுக்குக் காரணம் மில்லும் இல்ல, ஜெபவீடும் இல்ல. நாமதானுங்க."

பெரியவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியும்" என்றார். "எல்லாருக்கும்தான் தெரியும்."

இரண்டு பேரும் டீயைக் குடித்து முடித்தார்கள். அந்த வருஷக் கடைசியில் வெள்ளக்கரட்டைச் சூலூரோடு சேர்த்தார்கள். மாதம் இரண்டு ஞாயிறு மட்டும் அங்கிருந்து ஒரு ஐயர் வருவார் என்று முடிவானது. நத்தானியேல் ஐயருக்கு அவிநாசிப் பக்கம் ஒரு சின்னச் சபை.

அவருடைய கடைசி ஞாயிறு ஆராதனை தொடங்கி வெகுநேரம் கழித்து ஹெலனம்மா வந்தாள். தனியாக வந்திருந்தாள். வாசலில் நின்று, எங்கே உட்காருவது என்று தெரியாமல் பார்த்தாள். தன் பழைய இடத்துக்குப் போகாமல், கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். திருவிருந்து வந்தபோது எல்லோரோடும் எழுந்து வந்தாள். கிராதியில் மார்த்தாளுக்கு அடுத்தபடியாக இடம் இருந்தது. அங்கே முழங்கால்படியிட்டாள்.

மார்த்தாள் குடித்தாள். ஐயர் விளிம்பைத் துடைத்து, பாத்திரத்தை ஹெலனம்மாவின் பக்கம் நகர்த்தினார். அவள் உதடு இறுகியிருந்தது. ஒரு நொடி வேண்டாம் என்றுவிடுவாள் போலிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தாள். குடித்த கையோடு முந்தானை நுனி தானாக வாய்க்குப் போனது. அழுந்தத் துடைத்தாள். பாதியில் தான் செய்வது தெரிந்து கை அப்படியே நின்றது. பக்கத்தில் மார்த்தாள் அதைப் பார்த்துவிட்டாள். ஹெலனம்மாவின் முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது. முந்தானையைக் கீழே விடவும் முடியாமல், மறுபடி துடைக்கவும் முடியாமல் இருந்தாள்.

எழுந்திருக்கும்போது, முழங்கால் பிடித்துக்கொண்டு ஹெலனம்மா தடுமாறியதைப் பார்த்து, மார்த்தாள் அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அவ்வளவுதான். ஆராதனை முடிந்ததும் மார்த்தாள் சோளக்காட்டுப் பக்கம் நடந்தாள். ஹெலனம்மா ஐயரிடம் மட்டும், "அவியளுக்கு நான் வந்தது தெரியாதுங்க" என்றாள். கணவரைச் சொன்னாள். "தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுதுங்க" என்று தானே சொல்லிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாமான் ஏற்ற டெம்போ வந்தது. சொல்லாமலே கதிர்வேல் வந்து நின்றான். கட்டில், புத்தகப் பெட்டிகள், லில்லியின் தையல் மெஷின், ஸ்டவ் எல்லாவற்றையும் அவனும் டிரைவருமாக ஏற்றினார்கள்.

"நான் கோயிலுக்கெல்லாம் வரமாட்டனுங்க" என்றான், கட்டிலின் மறுமுனையைப் பிடித்தபடி.

"சரிங்க."

"எங்கம்மா சொல்லித்தான் வந்தேனுன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கலீங்க."

கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டினான். கட்டி முடித்துவிட்டு அங்கேயே நின்றான். "நீங்க போனதும் கெளாஸு மறுபடியும் வந்துருமுங்களா?"

"வரலாமுங்க. வர்ற ஐயரப் பொறுத்தது."

"எங்கம்மா என்ன பண்ணும்?"

"எனக்குத் தெரியலீங்க. அவங்களத்தான் கேக்கோணும்."

கதிர்வேல் பூட்டிய கோயிலைத் திரும்பிப் பார்த்தான். "எங்கம்மா போகறத மட்டும் நிறுத்தாதுங்க" என்றான். அவன் குரலில் சந்தோஷம் இல்லை. எரிச்சல் மாதிரிதான் இருந்தது.

டெம்போ கிளம்பியது. ஐயர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டி கருமத்தம்பட்டியைத் தாண்டியது. இரண்டு பக்கமும் தறிச்சத்தம் வந்துகொண்டிருந்தது. அப்புறம், அவிநாசியில் காய்கறிச் சந்தை என்றைக்குக் கூடும் என்று டிரைவரிடம் கேட்டார். அவன் சொன்ன கிழமையை மறக்காமல் இருக்க, வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.